காலி வண்டி வேறு, லோடு வண்டி வேறு!

டீசல் பிக்கப் ஓட்டப் புதிதாக இறங்குபவர்களுக்கு: கேள்வி-பதில்

சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிப் பிழைக்கலாம் என்று துணிந்தவர்கள், அப்பாவின் வண்டிச் சாவி திடீரென்று கைக்கு வந்தவர்கள், இத்தனை நாள் பெட்ரோல் கார் ஓட்டிவிட்டு இப்போது டீசலில் ஏறியவர்கள். இவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கே: புது பிக்கப் எடுத்திருக்கிறேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் நகர்த்த வேண்டும் என்கிறார் அம்மா. வைக்கலாமா?
– பால் வியாபாரி, பவானி

ப: தாராளமாக வையுங்கள். பழம் வைக்கக் குனியும்போதே டயரில் காற்று, பட்டன் தேய்மானம், வீல் நட்டு, தரையில் எண்ணெய் சொட்டிய தடம் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். நாளையிலிருந்து பழம் இல்லாவிட்டாலும் அதே நாலு இடத்தில் குனியுங்கள். பிக்கப்பின் பின்டயருக்குக் காரைவிட அதிகக் காற்று வேண்டும். காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்பது கதவோர ஸ்டிக்கரிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். பஞ்சர் கடைக்காரரின் உத்தேசத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

கே: பத்து வருஷமாக பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். நேற்று மாமாவின் பொலேரோ பிக்கப்பை எடுத்தேன். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக நகர்கிறது. கோளாறா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: கோளாறு இல்லை, குணம். பெட்ரோல் இன்ஜின் சுற்று ஏறினால்தான் பலம் காட்டும். டீசலுக்குப் பலம் அடியிலேயே இருக்கிறது. இந்த ரக வண்டிகளில் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,200 சுற்றுக்குள் இழுவை உச்சத்துக்கு வந்துவிடும். ஐடிலில் இன்ஜின் திணறினால் கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். சமதளத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாலே வண்டி புறப்பட்டுவிடும். கார் பழக்கத்தில் கூடவே ஆக்சிலரேட்டரையும் அமுக்கினால் துள்ளும்.

காலி மைதானம் ஒன்றில் ஒரு மணி நேரம், வலது காலை பிரேக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெறும் கிளட்சிலேயே எடுத்து நிறுத்திப் பழகுங்கள். கிளட்ச் பிடிக்கிற இடம் எது என்று இடது பாதத்துக்குத் தெரிந்துவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

கே: எந்தச் சத்தத்தில் கியர் மாற்றுவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: கார் காதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பெட்ரோல் காரில் சத்தம் ஏறி இரைந்த பிறகு மாற்றியிருப்பீர்கள். டீசலில் 2,000 சுற்றைத் தாண்டியதும் மாற்றிவிடலாம். அதற்கு மேல் முறுக்கினால் சத்தமும் செலவும் கூடுமே தவிர இழுவை கூடாது. அதற்காக டாப் கியரில் 30-இல் உருட்டவும் கூடாது. கியர் குச்சி உங்கள் கையில் ‘டக்டக்’ என்று நடுங்கினால் இன்ஜின் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கியர் இறக்குங்கள்.

கே: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாதாமே! பிறகு எப்படிப் பற்றுகிறது?
– பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

ப: சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறாயா? பத்து அடி அடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்குகிறது. சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பனிபோலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது.

இதை யோசித்தவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர். 1893-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ஆக்ஸ்பர்க் நகரில் இன்ஜின் ஒழுங்காக ஓடிக் காட்ட 1897 ஆகிவிட்டது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இவர் வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. எரிபொருளின் பெயர் என்று நாம் தினமும் சொல்லும் ‘டீசல்’ ஒரு மனிதரின் பெயர்.

கே: அப்படியானால் நம் வண்டிக்கும் கடலை எண்ணெய் ஊற்றலாமா?
– செக்கு எண்ணெய்க் கடைக்காரர், காங்கேயம்

ப: வேண்டாம், ஐயா. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் பீய்ச்சப்படும் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் இரண்டு பார்தான். அத்தனை அழுத்தத்தில் மிக மெல்லிய துளை வழியாகப் போக வேண்டிய பொருள் அது. கெட்டியான எண்ணெய் அந்தத் துளையை அடைத்துவிடும். கடலை எண்ணெய் தாளிக்கவே இருக்கட்டும்.

கே: காலையில் சாவியைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அப்படியே ஸ்டார்ட் செய்யலாமா?
– காய்கறி ஏற்றுபவர், ஊட்டி

ப: அது ஹீட்டர் விளக்கு. குளிரில் சிலிண்டர் சில்லிட்டுக் கிடக்கும், அமுக்கிய காற்றும் போதிய சூடு ஏறாது. அதற்காக உள்ளே ஒரு கம்பி பழுக்கிறது. விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், சில விநாடி வேலைதான். ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் முறுக்காமல் விடுங்கள். எண்ணெய் மேலே ஏறட்டும்.

கே: நிறுத்தும்போதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய் என்கிறார் மெக்கானிக். டீசல் வீண்தானே?
– தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி

ப: சந்தைக்குள் மெதுவாக வந்து நிறுத்தினால் தேவையில்லை. மலை ஏறி வந்தோ, பைபாஸில் லோடோடு விரட்டி வந்தோ நிறுத்தினால் கட்டாயம் தேவை. டர்போவுக்குள் ஒரு சின்னக் காற்றாடி நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும், புகையின் சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் அச்சைக் குளிர வைப்பது இன்ஜின் ஆயில். இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். நின்ற ஆயில் அங்கேயே கருகும். ஒரு நிமிட டீசலா, புது டர்போவா? வியாபாரி நீங்கள், கணக்கு உங்களுக்கே தெரியும்.

கே: கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. மஞ்சள் போர்டு பிக்கப் ஓட்டலாமா? தனியாக பேட்ஜ் வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வேலை தேடுபவர், விழுப்புரம்

ப: ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு கார் ஓட்டத் தரும் எல்எம்வி லைசென்ஸே போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் சந்தேகம் கிளம்பி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி அதையே உறுதி செய்தது. மொத்த எடை என்றால் வண்டியும் லோடும் சேர்த்து, ஆர்சி புத்தகத்தில் போட்டிருக்கும். நம் பிக்கப்கள் அந்த அளவில் பாதிக்குள் அடங்கிவிடும். இன்னொன்று: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் எஃப்சி, இன்ஷூரன்ஸ், வரி, புகைச் சான்றிதழ் நான்கும் நடப்பில் இருக்க வேண்டும்.

கே: மினி வண்டியைக் ‘குட்டி யானை’ என்கிறோமே, யார் வைத்த பெயர்?
– வாசகர், மேலூர்

ப: டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின். வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள், நம் ஊரில் அது குட்டி யானை ஆயிற்று. பெயரிலேயே பாடம் இருக்கிறது. யானை என்று நம்பி ஏற்றுகிறோம், குட்டி என்பதை மறந்துவிடுகிறோம்.

கே: ஒன்றரை டன் வண்டி. மணல் பாதிப் பெட்டிகூட நிரம்பவில்லை, அதற்குள் ஓவர்லோடு என்கிறார் நண்பர். கண்ணுக்குக் கொஞ்சமாகத்தானே தெரிகிறது?
– கட்டட மேஸ்திரி, அரியலூர்

ப: கண்ணை நம்பாதீர்கள். காய்ந்த மணல் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ. ஒன்றரை டன் என்பது முப்பத்து மூன்று கன அடி. ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள பெட்டியில் பரப்பினால் எட்டு அங்குல உயரம் வரும், அவ்வளவுதான். ஈர மணல் என்றால் அதுவும் வராது. சிமெண்ட் என்றால் முப்பது மூட்டை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். வைக்கோல் மலை மாதிரி நிற்கும், எடை இருக்காது.

எடைமேடை பக்கத்தில் இல்லையென்றால் வண்டியையே கேளுங்கள். ஸ்பிரிங் பட்டை வளைவு போய் நேராகிவிட்டதா? ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு மரக்கிளையில் அடிக்கிறதா? ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டதா? ஆம் என்றால், பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் தரையை அரைகுறையாகத் தொடுகிறது. அந்த நிலையில் வண்டி நீங்கள் திருப்புகிற பக்கம் போகாது. ஓவர்லோடுக்குச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதைவிடப் பெரிய அபராதம் அடுத்த வளைவில் காத்திருக்கிறது.

கே: லோடை எங்கே வைப்பது? இறக்க வசதியாகக் கதவோரம் வைக்கலாம்தானே?
– மர வியாபாரி, செங்கோட்டை

ப: இறக்குவது அரை மணி நேர வேலை, ஓட்டுவது ஐந்து மணி நேரம். ஓட்டத்துக்கு வசதியாக வையுங்கள். கனமானது கீழே, கேபின் பக்கம், பின் அச்சுக்கு முன்னால். லேசானது மேலே, பின்னால். இடம் வலம் சமம். பின்கதவை ஒட்டி வைத்த எடை சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்த மாதிரி, முன்பக்கத்தைத் தூக்கிவிடும். தண்ணீர் டேங்க் என்றால் முழுதாக நிரப்புங்கள் அல்லது காலியாகக் கொண்டுபோங்கள். பாதி டேங்க் வளைவில் அலையடித்து வண்டியைத் தள்ளும். மாடு ஏற்றினால் அது நின்றுகொண்டே வரும், கால் மாற்றி வைக்கும். அந்த அசைவு உங்கள் ஸ்டீயரிங்கில் தெரியும்.

கே: நீங்கள் முதன்முதலில் லோடு வண்டி ஓட்டிய அனுபவம்?
– நீண்ட நாள் வாசகி, மன்னார்குடி

ப: எனக்குப் பழக்கியவர் எங்கள் ஊரில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியவர். மூன்று நாள் சாவியைத் தரவில்லை. கயிறு கட்டத்தான் சொன்னார். தக்காளிக் கூடைகளை அடுக்கி, தார்ப்பாயை விரித்து, மூலையை மடித்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, காலை டயரில் ஊன்றி இழுத்து முடி போட வேண்டும். போட்டதும் அவர் வந்து இரண்டு விரலைக் கயிற்றுக்கு அடியில் விடுவார். விரல் போனால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார்.

நாலாம் நாள் விடியற்காலை சாவி வந்தது. பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். “இறங்கி கயித்தைத் தொட்டுப் பாரு.” பார்த்தேன். அவர் விரல் நுழையாத கயிற்றில் என் முழுக் கையும் நுழைந்தது. லோடு குலுங்கி அமர்ந்திருந்தது, கயிறு தொங்கியது. “லோடு இப்பதான் தன் எடத்துல ஒக்காருது. கட்டுன கட்டை நம்பாதே, தொட்டுப் பாத்த கட்டை நம்பு” என்றார். இன்றைக்கும் கிளம்பிய பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்துகிறேன். ஒருமுறைகூடக் கயிறு கிளம்பியபோது இருந்த மாதிரி இருந்ததில்லை.

கே: கொல்லிமலையில் இருந்து பலாப்பழ லோடு. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள். உண்மையா?
– புது ஓட்டுநர், சேந்தமங்கலம்

ப: பொய். உயிரை வாங்குகிற பொய், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். காமன் ரெயில் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும். ஆக, நியூட்ரலில்தான் செலவு அதிகம்!

உயிர்க் கணக்கு இன்னும் முக்கியம். காலி வண்டி சுமார் 1,700 கிலோ, லோடோடு 3,200 வரை போகும். அத்தனை எடையின் வேகத்தையும் நியூட்ரலில் பிரேக் ஒன்றே தின்ன வேண்டும். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பாதி வழியில் டிரம் சூடேறி, கருகிய வாசம் வரும். அதற்குப் பிறகு மிதி பலகையை எவ்வளவு அமுக்கினாலும் வண்டி பிடிக்காது.

வழி எளிது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும், முனகட்டும். பிரேக்கை நேர்ப்பாதையில், வளைவுக்கு முன்னால், அழுத்தி மிதித்து விட்டுவிடுங்கள், தடவிக்கொண்டே வராதீர்கள். எந்தக் காரணத்துக்கும் இறக்கத்தில் சாவியை ஆஃப் செய்யாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது. அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் மரத்துப்போகும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். கருகிய வாசம் வந்தால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, அரை மணி நேரம் நில்லுங்கள். பலாப்பழம் அரை மணியில் அழுகாது.

கே: மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருள்கிறது. ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிற்கலாமா?
– வாசகர், ஏற்காடு

ப: லோடு வண்டியை ஹாஃப் கிளட்சில் பிடித்து நிறுத்துவது, மூட்டையை விரல் நுனியில் பிடித்து நிற்கிற மாதிரி. கிளட்ச் பிளேட் தேய்ந்து நாற்றம் வரும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? இழுத்துவிட்டு, முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடித்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாது.

கே: லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை. பிரேக் போட்டதும் வண்டியின் பின்பக்கம் தனியாக வந்தது. லோடோடு போனபோது ஒன்றும் ஆகவில்லையே?
– பூ வியாபாரி, தோவாளை

ப: காலி பிக்கப்பை யாரும் ஆபத்து என்று நினைப்பதில்லை. இன்ஜினும் கேபினும் முன்னால் இருக்கின்றன, பின்னால் இருப்பது வெறும் தகரப் பெட்டி. டன் கணக்கில் தாங்கச் செய்த ஸ்பிரிங், எடை இல்லாதபோது விறைத்து நின்று குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லை. மழையில் பிரேக் போட்டால் முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் முந்தப் பார்க்கும். ‘லோடு இல்லை, பறக்கலாம்’ என்று தோன்றும் நேரத்தில்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுபடி அப்படி வழுக்கினால் பிரேக்கை விட்டு, வண்டியின் வால் போகிற பக்கமே ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புங்கள். நேராகிவிடும்.

கே: எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முப்பது பேரைப் பின்னால் ஏற்றிப் போகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள், மறுத்தால் கோபம் வரும். என்ன செய்ய?
– பிக்கப் உரிமையாளர், கமுதி

ப: மறுத்துவிடுங்கள். கோபம் ஒரு திருவிழாவோடு தீர்ந்துவிடும்.

முப்பது பேர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை டன், அதுவும் நிற்கிற ஒன்றரை டன். மூட்டையைக் கயிற்றால் கட்டலாம், மனிதரைக் கட்ட முடியாது. வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அந்தச் சாய்வே வண்டியைக் கவிழ்க்கப் போதும். கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள கம்பி இல்லை, பெல்ட் இல்லை, கூரை இல்லை.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு வருவதற்கு மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. அவரும் கேபினில் உட்கார வேண்டும். சொந்தக்காரர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: “சட்டி பானை, அரிசி மூட்டை, பந்தல் சாமான் எல்லாம் என் வண்டியில், வாடகை வேண்டாம். ஆட்கள் வேனில்.” வேன் வாடகையில் ஒரு பங்கையும் நீங்களே கொடுங்கள். காட்டு வேலைக்கு ஆள் ஏற்றச் சொல்லும் முதலாளிகளுக்கும் இதே பதில்தான். கூலிக்காரர் உயிர் சரக்கு அல்ல.

கே: பங்க்கில் தவறுதலாக பெட்ரோல் ஊற்றிவிட்டால்?
– வாசகர், ஆம்பூர்

ப: சாவியைத் தொடாதீர்கள்! ஸ்டார்ட் செய்யாத வரை அது டேங்க்கோடு முடிகிற தொல்லை: தள்ளி ஓரங்கட்டி, மெக்கானிக்கை வரவழைத்து, டேங்க்கை முழுதாக இறக்கிக் கழுவினால் தீர்ந்தது. ஸ்டார்ட் செய்தால் பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போகும். டீசல்தான் அந்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசையும். பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவிவிடும். மூடியைத் திறக்கும் முன் இறங்கி நின்று ‘டீசல்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கே: டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையே!
– மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

ப: குழாயில் காற்று புகுந்துவிட்டது. மெக்கானிக் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார். டீசல் ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்பு இருந்தால், கெட்டியாகும் வரை அதை அமுக்கிவிட்டு முயலுங்கள். வெறுமனே செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பது நல்ல பழக்கம். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அதற்கான விளக்கு எரிந்ததும் திறந்துவிடுங்கள்.

கே: எங்கள் பிஎஸ்-6 வண்டிக்கு நீல மூடியில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டுமாம். வீட்டில் வயலுக்குப் போடும் யூரியா மூட்டை இருக்கிறது. கரைத்து ஊற்றலாமா?
– விவசாயி, தொட்டியம்

ப: கூடவே கூடாது. அந்தக் கரைசலில் யூரியா சரியாக 32.5 சதவீதம், மீதி சுத்திகரித்த தண்ணீர். உங்கள் மூட்டையில் இருப்பது வேம்பு பூசிய யூரியா. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதையும் அப்படித்தான் தயாரிக்க வேண்டும் என்பது உத்தரவு. பயிருக்கு மெல்லக் கரைய அது நல்லது. வண்டியில் அந்த எண்ணெயும் அழுக்கும் புகைக்குழாய்ச் சாதனத்தை அடைத்துவிடும். வாழைக்கு வாழை யூரியா, வண்டிக்கு வண்டி யூரியா. நீல மூடிக்குள் டீசலோ, டீசல் டேங்க்கில் அந்தக் கரைசலோ ஒரு சொட்டும் போகக் கூடாது.

கே: புகையின் நிறம் பார்த்து நோய் சொல்லலாமா?
– ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகுபவர், நாமக்கல்

ப: கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு, முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை நீராவி, அதற்கு வைத்தியம் வேண்டாம். ஆயில் சீக்கிரம் கறுத்துவிடுகிறது என்று வருபவர்களிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். டீசல் கரியை ஆயில் வாங்கிக்கொள்கிறது, அது ஆயிலின் வேலை.

கே: கணவர் இறந்த பிறகு அவருடைய வண்டியை நானே ஓட்டலாம் என்று லைசென்ஸ் எடுத்தேன். ‘இது பொம்பளை ஓட்டற வண்டியா’ என்கிறார்கள். நிஜமாகவே உடம்பு பலம் அதிகம் வேண்டுமா?
– சகோதரி, பெரம்பலூர்

ப: வேண்டாம் அம்மா. பவர் ஸ்டீயரிங் இருக்கிறது, பிரேக்குக்கு வேக்குவம் இருக்கிறது. கிளட்ச் மட்டும் காரைவிடக் கொஞ்சம் கெட்டி. சீட்டை முன்னால் தள்ளி, கிளட்சை முழுதாக மிதித்தபோதும் முட்டி லேசாக மடிந்திருக்கும்படி உட்காருங்கள். முதுகு சீட்டைத் தொடவில்லையென்றால் முதுகுக்கு ஒரு திண்டு. இரண்டு பக்கக் கண்ணாடியையும் உங்கள் உயரத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டிவிட்டால் பின்னால் பார்க்க அவை இரண்டும்தான் கண்.

திரும்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கும். இடப்பக்கம் நுழைந்து நிற்கிற டூவீலரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். லோடு ஏற்றி இறக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கயிற்றை மட்டும் நீங்கள் தொட்டுப் பாருங்கள். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமை. அது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கே: ரிவர்ஸ் எடுக்க நல்ல வழி?
– வாசகர், சிவகாசி

ப: இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்து எடுப்பது. குழந்தை உயரம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

கே: ராத்திரி சந்தைக்குப் போனால்தான் விலை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது. டீ குடித்தால் போதுமா?
– தக்காளி வியாபாரி, பாலக்கோடு

ப: டீ வாயைத்தான் எழுப்பும். கொட்டாவி மூன்று முறை வந்தால், கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லையென்றால், வெளிச்சமான பங்க்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் தூங்குங்கள். புகை உள்ளே வரக் கூடாது. ஓட்டுநரின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சொந்த வண்டிக்காரருக்கு அந்தக் கணக்கைப் பார்க்க மேலதிகாரி இல்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: என் மகன் நாளைக்கு முதல் லோடு ஏற்றிப் போகிறான். முருங்கைக்காய், திருச்சிக்கு. எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. என்ன சொல்லி அனுப்ப?
– ஒரு தாய், அரவக்குறிச்சி

ப: ‘பாத்துப் போப்பா’ என்று சொல்வீர்கள், அவனும் ‘சரிம்மா’ என்பான். அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: “எத்தனை கிலோ ஏத்தியிருக்கே? எப்படிக் கட்டியிருக்கே?” பதில் தெரிந்தால் டக்கென்று சொல்வான். தெரியாவிட்டால் இறங்கிப் போய் எண்ணிவிட்டு, கயிற்றைத் தொட்டுவிட்டு வருவான். இரண்டுமே நல்லதுதான்.

அப்புறம் இன்னொரு வேலை. லோடை இறக்கியதும், திரும்பக் கிளம்பும் முன், உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். காசு கைக்கு வந்த சந்தோஷத்தில் இருப்பான். வண்டி லேசாகி, கால் தானாக ஆக்சிலரேட்டரை அமுக்கும் நேரம் அது. சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு, மறக்காமல் சொல்லுங்கள்: “காலையில நீ ஓட்டிட்டுப் போன வண்டி இல்லடா இது. இப்ப காலி. மெதுவா வா.”